வீக்கம் இல்லை

எலும்பு வார்டில் அவளுக்கு 'நடை சிஸ்டர்' என்றுதான் பெயர். சான்றிதழில் இருக்கிற பெயர் சம்பளப் பட்டியல் போடுகிறவருக்கு மட்டும் தெரியும். ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலையில் கட்டில் ஓரத்தில் வந்து நிற்பாள். "எழுந்திருங்க, நாலு அடி நடப்போம்" என்பாள். வலிக்குது சிஸ்டர் என்றால், "வலிக்கத்தான் செய்யும். வலிக்கலேன்னாதான் நான் டாக்டரைக் கூப்பிடணும்" என்பாள். கெஞ்சினால் மசிய மாட்டாள், திட்டினால் காதில் வாங்க மாட்டாள். அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் ஆண்கள் பகுதியில் பாதிப் பேருக்குத் தூக்கம் வந்துவிடும். குறட்டைவிட்டு நடித்த ஒரு கொத்தனாரை, "குறட்டை நல்லா வருது, நுரையீரல் சுத்தமா இருக்கு, எழுந்திருங்க" என்று எழுப்பி, வராந்தாவின் கோடி வரைக்கும் கூட்டிப்போன கதையை அங்கே இன்னும் சொல்கிறார்கள்.

நடக்க முடியாதவர்களுக்கு அவளிடம் வேறு வைத்தியம் இருந்தது. சட்டைப் பையில் ஓர் இன்ச் டேப். காலையில் டூட்டிக்கு வந்ததும் ஒவ்வொரு கட்டிலாகப் போய் இரண்டு கெண்டைக்கால்களையும் அளப்பாள். ஒன்று மற்றொன்றைவிட மூன்று சென்டிமீட்டர் பெருத்திருந்தால் டாக்டரைத் தேடி ஓடுவாள். நாள்கணக்கில் அசையாமல் கிடக்கிற காலில் ரத்தம் உறைந்து கட்டியாகும். அந்தக் கட்டி சும்மா இருக்கிற வரைக்கும் சரி, நழுவி மேலே போய் நுரையீரலை அடைத்தால் ஆள் காலி. எலும்பு ஒட்டிவிட்டது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போதே ஆள் போய்விடுவான். இதெல்லாம் எந்தச் சட்டமும் சொல்லி அவள் செய்ததில்லை. நர்சிங் பள்ளியில் படித்ததை அப்படியே நம்பிய சில பைத்தியங்களில் அவளும் ஒருத்தி.

டேப் அவள் வீட்டுக்காரருடையது. அவர் தையல்காரர். "ஊர்ல உள்ளவங்க காலையெல்லாம் அளக்குறே, இதுவரைக்கும் ஒரு பேண்ட்டாவது தைச்சிருக்கியா?" என்று கேட்பார். மாதம் ஒரு டேப் தொலைக்கிறாள் என்று முணுமுணுத்துக்கொண்டே புதிது வாங்கிவந்து பையில் போட்டுவிடுவார்.

ஊருக்கே கால் அளந்தவளுக்குத் தன் தம்பியின் காலை அளக்கக் கொடுத்து வைக்கவில்லை. தம்பி வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். வேலைக்காக வேறு ஊருக்குப் போயிருந்தபோது ஏணியிலிருந்து விழுந்து முழங்கால் சில்லு உடைந்து, அங்கேயே ஒரு மருத்துவமனையில் ஒன்பது நாள் படுத்திருந்தான். ஐந்தாம் நாள் போனில், "அக்கா, கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்குது" என்றான். "டாக்டர்கிட்ட சொல்லுடா. ரெண்டு காலையும் அளந்து பார்க்கச் சொல்லு" என்றாள். அவனும் சொன்னான். டாக்டர் "பார்த்துக்கறோம்" என்றாராம். ஒன்பதாம் நாள் டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு படியிறங்கினவன், பாதிப் படியில் மூச்சு வரவில்லை என்று உட்கார்ந்தான். அதோடு சரி. அந்த நேரத்தில் அக்கா தன் வார்டில் யாரோ ஒரு காய்கறி வியாபாரியைக் கைத்தாங்கலாக நடக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

அங்கே விசாரணை என்று ஒன்று நடந்தது. "தினமும் காலைப் பரிசோதித்தேன்" என்றார் டாக்டர். எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டாள். "எழுதவில்லை. ஆனால் பார்த்தேன்" என்றார். படித்தவர் வாய் திறந்து சொல்லிவிட்டார், அதற்குமேல் என்ன இருக்கிறது? கோப்பை மூடிவிட்டார்கள். அன்றைக்கு அவள் மனதில் ஒன்று ஆணி அடித்ததுபோல் இறங்கியது: பார்த்தேன் என்று எவனும் வாயால் சொல்லிவிட்டுத் தப்பக் கூடாது. எழுத வைக்க வேண்டும். எழுத்துத்தான் செல்ல வேண்டும்.

நான்கு வருஷம் அலைந்தாள். மனு எழுதினாள், இதே மாதிரி ஆளைப் பறிகொடுத்த குடும்பங்களைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கினாள். லீவு நாளெல்லாம் பேருந்திலேயே கழிந்தது. கடைசியில் ஒரு சட்டமன்ற உறுப்பினர், அவருடைய மாமனார் இடுப்பெலும்பு முறிந்து கிடந்து இதே மாதிரி இறந்தவர், காது கொடுத்துக் கேட்டார். சட்டமன்றக் குழு ஒன்றின் முன்னால் பேச அவளுக்குப் பதினோரு நிமிஷம் கொடுத்தார்கள். பேச்சில் பாதியை எழுந்து நின்றதும் மறந்துவிட்டாள். ஆனால் டேப்பை எடுத்து, முன் வரிசையில் இருந்த ஒரு பெரியவரிடம், "ஐயா, பேண்ட்டைக் கொஞ்சம் தூக்குங்க" என்றாள். அவர் கூச்சத்தோடு தூக்கினார். "வலது முப்பத்தாறு, இடது முப்பத்தாறரை. ஐயா பிழைச்சிட்டீங்க" என்றாள். அறையே சிரித்தது. மறுநாள் பேப்பரில் அவள் குனிந்து கால் அளக்கிற படம் வந்தது.

அவள் கேட்டது மூன்று. அசையாமல் கிடக்கிற நோயாளி ஒவ்வொருவருக்கும் தினமும் கால் அளக்க வேண்டும், ஆபத்து அதிகமென்றால் ரத்தம் உறையாமலிருக்க ஊசி போட வேண்டும். அளப்பதற்கு வார்டுக்கு ஒரு ஆள் கூடுதலாக வேண்டும். அளந்ததை எழுத வேண்டும், எழுதினதுதான் சான்று, அப்புறம் வந்து வாயால் சொல்கிறதெல்லாம் செல்லாது என்று இருக்க வேண்டும், குடும்பம் கேட்டால் நகல் கொடுக்க வேண்டும்.

சட்டம் வந்தது. முதலாவதும் மூன்றாவதும் அப்படியே இருந்தன. நடுவில் இருந்த ஆளை மட்டும் எடுத்துவிட்டார்கள். ஆள் என்றால் வருஷா வருஷம் செலவு, தாள் என்றால் அச்சடித்தால் போதும். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். இது குரங்காகக்கூட முடியவில்லை. குரங்குக்காவது உயிர் இருக்கும்.

நன்மையே இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். ஊசி கட்டாயமானது. முன்பெல்லாம் டாக்டருக்கு ஞாபகம் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்றிருந்த ஊசி, இப்போது ஆபரேஷன் ஆன எல்லோருக்கும் வந்தது. அதனால் பிழைத்தவர்கள் எத்தனை பேரோ, அவர்களுக்கே தெரியாது. முதல் வாரம் அவள் தரையில் கால் பாவாமல்தான் வார்டில் நடந்தாள். ஆனால் ஊசி போட்டாலும் நூற்றில் சிலருக்கு ரத்தம் உறையத்தான் செய்யும். அவர்களைப் பிடிக்கத்தான் தினசரி அளவு. வினை அங்கேதான் வந்து உட்கார்ந்தது.

படிவம் முதல் நாளைக்கு நான்கு பக்கம், பிறகு நாளுக்கு ஒரு பக்கம். வலது கெண்டைக்கால், இடது கெண்டைக்கால், வித்தியாசம், வீக்கம் உண்டு அல்லது இல்லை, வலி உண்டு அல்லது இல்லை, தோல் நிறம், மூச்சு, நோயாளிக்கு விளக்கப்பட்டதா, நேரம், கையெழுத்து. காலை பத்தரை மணிக்குள் எல்லாப் படிவமும் மேட்ரன் அறைக்குப் போயாக வேண்டும். ஒன்று குறைந்தால் மருத்துவமனைக்கு அபராதம். வார்டில் முப்பத்திரண்டு கட்டில். காலை டூட்டியில் மூன்று பேர் இருந்தார்கள், ஒருத்தி பிரசவ லீவில் போனதும் இரண்டு பேர் ஆனார்கள். போனவளுக்குப் பதிலாக ஆள் வரவில்லை. நேர்மையாகச் செய்தால் ஒரு நோயாளிக்குக் காலுக்கும் தாளுக்கும் சேர்த்துப் பத்து நிமிஷம். மருந்து யார் கொடுப்பது, கட்டு யார் மாற்றுவது, நடக்க யார் வைப்பது? மேட்ரனிடம் கேட்டாள். "சட்டம் கேட்டது நீங்கதானே சிஸ்டர்?" என்றாள் மேட்ரன். குத்தலாகச் சொல்லவில்லை, அவளுக்கும் தலைக்கு மேல் வேலை. அதனால்தான் இன்னும் சுருக்கென்றது.

முதலில் விட்டது நடையை. தாளில் நடைக்குக் கட்டம் இல்லையே! அப்புறம் டேப் போனது. ஒருநாள் நேரமாகிவிட்டது என்று கடைசி எட்டுக் கட்டிலுக்கு மட்டும் மேசையில் உட்கார்ந்தபடியே நேற்றைய அளவைப் பார்த்து எழுதினாள். மறுநாள் போய் அளந்து பார்த்தாள், எல்லாம் சரியாகவே இருந்தது. அந்தச் சரிதான் அவளைக் கெடுத்தது. ஒரு மாதத்தில் எட்டு பதினாறானது, மூன்று மாதத்தில் முப்பத்திரண்டும் மேசையிலேயே முடிந்தது. ஒன்பதே முக்கால் மணிக்கு இரண்டு நர்ஸும் பேனாவோடு உட்காருவார்கள். பத்தே காலுக்கெல்லாம் அடுக்கி ஊக்குப் போட்டுவிடுவார்கள்.

ஒருமுறை தணிக்கைக்கு வந்தவர்கள் இருபது படிவங்களைத் திருப்பி அனுப்பினார்கள். 'தினமும் ஒரே அளவு. நம்பும்படியாக இல்லை' என்று குறிப்பு. யாரும் வந்து காலைப் பார்க்கவில்லை, அளவை மட்டும் பார்த்தார்கள். அதற்கு வழி கண்டுபிடித்ததும் நம் நடை சிஸ்டர்தான். இரண்டு நாளைக்கு ஒருமுறை அரை சென்டிமீட்டர் கூட்டுவது, பிறகு குறைப்பது. முப்பத்து நாலு, முப்பத்து நாலரை, முப்பத்து நாலு. பார்த்தால் அளந்தது மாதிரியே இருக்கும். அதற்கப்புறம் ஒரு படிவம் திரும்பி வரவில்லை. அந்த வருஷம் அவர்கள் வார்டுக்குப் பாராட்டுச் சான்றிதழ் வந்தது. சட்டகம் போட்டு மேசைக்கு மேலே மாட்டினார்கள். வீட்டில் அவர் ஒருநாள், "என்ன, நாலு மாசமா டேப்பே தொலையலையே?" என்றார். அவள் வாஷிங் மெஷினில் துணி போடுகிற சாக்கில் அந்தப் பக்கம் போய்விட்டாள்.

பதினேழாம் நம்பர் கட்டிலுக்கு ஒரு லிஃப்ட் மெக்கானிக் வந்தார். நாற்பது வயது. குழிக்குள் இறங்கி வேலை செய்தபோது கால் வழுக்கித் தொடை எலும்பு முறிந்திருந்தது. உள்ளே கம்பி வைத்து ஆபரேஷன் நடந்தது. வாய் ஓயாத மனிதர். "ஊரையே மேல ஏத்தி இறக்கினேன் சிஸ்டர், இப்ப பாருங்க, ஒண்ணுக்கு இருக்க ஒரு ஆள் என்னை இறக்கணும்" என்று சிரிப்பார். மனைவி சட்டை தைக்கும் கம்பெனியில் பொத்தான் வைக்கிறவள். சம்பளத்தை விட்டுவிட்டு லீவு போட்டுப் பக்கத்திலேயே இருந்தாள். ஆறு வயதில் ஒரு மகள். அவளை மெக்கானிக்கின் அக்கா வீட்டில் பார்த்துக்கொண்டாள். தாய் இறந்தபின் தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அந்த அக்காதான்.

ஆறாம் நாள் காலை பத்து மணி. நடை சிஸ்டர் மேசையில் பதினேழாம் நம்பர் தாளில்தான் இருந்தாள். வலது முப்பத்து நாலு. இடது, நேற்று முப்பத்து நாலு, இன்றைக்கு முப்பத்து நாலரை. வீக்கம் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதிக்கொண்டிருந்தபோது அந்த மனைவி வந்து மேசை ஓரத்தில் நின்றாள்.

"சிஸ்டர், அவருக்குக் கெண்டைக்கால் இழுக்குதாம். கொஞ்சம் வந்து பார்க்கறீங்களா?"

சிஸ்டர் நிமிரவில்லை. பத்தரைக்கு இன்னும் பதினைந்து தாள் பாக்கி.

"படுத்தே கெடந்தா அப்படித்தாம்மா இழுக்கும். கொஞ்சம் நீவி விடு, சரியாயிடும்" என்றாள்.

அந்தப் பெண் தலையாட்டிவிட்டுப் போனாள். அரை மணி நேரம் நீவினாள். உள்ளே ரத்தம் கட்டியிருக்கிற காலை நீவக் கூடாது என்பது நர்சிங் படிக்க வருகிறவளுக்கு முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுக்கிற பாடம். முப்பது வருஷ சர்வீஸ்காரிக்கு அன்றைக்கு அது ஞாபகம் வரவில்லை. காலைப் பார்த்திருந்தால் வந்திருக்கும். பார்க்கவில்லை.

மதியம் ஒரு மணிக்கு மெக்கானிக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். "என்னமோ மாதிரி இருக்கு" என்றார். நெஞ்சைப் பிடித்தார். சிஸ்டர் ஓடினாள், டாக்டர் ஓடிவந்தார், இருபத்தைந்து நிமிஷம் நெஞ்சை அழுத்தினார்கள். ஒன்றும் ஆகவில்லை. போர்வையை இழுத்து மூடும்போதுதான் சிஸ்டர் அந்த இடது காலைப் பார்த்தாள். பளபளவென்று வீங்கியிருந்தது. டேப் தேவைப்படாத வீக்கம்.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். பிரேதப் பரிசோதனையில் இடது கெண்டைக்கால் முப்பத்தொன்பது. படிவத்தில் முப்பத்து நாலரை. மூன்று மணி நேரத்தில் இவ்வளவு வீங்குமா என்று ஒருவர் கேட்டார். வீங்கலாம் என்றார் டாக்டர். இடையில் ஏதாவது நடந்ததா என்று மனைவியைக் கேட்டார்கள். "கால் இழுக்குதுன்னார், நீவி விட்டேன்" என்றாள் அவள். யார் சொல்லி நீவினாள் என்று அவர்களும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சிஸ்டரைக் கூப்பிட்டுப் படிவத்தைக் காட்டினார்கள்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

"சரி, நீங்க போகலாம்."

அளந்தீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பிறகு பல நாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கேட்காமலே சொல்லியிருக்கலாம், வாய் இருந்தது. ஓய்வுக்கு இன்னும் நாலு வருஷம், பேப்பரில் வந்த படம், மேசைக்கு மேலே தொங்கிய சான்றிதழ், எல்லாம் சேர்ந்து வாயை அடைத்தன. கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள். தம்பியைப் 'பார்த்தேன்' என்று சொன்ன அந்த டாக்டர்கூட அவளைவிட நல்லவன், அவன் பொய்யை எழுதி வைக்கவில்லை.

முடிவு வந்தது. 'சட்டப்படியான பரிசோதனைகள் அனைத்தும் உரிய நேரத்தில் செய்யப்பட்டுள்ளன. உறவினர் காலை அழுத்தி நீவியதால் ரத்தக்கட்டி நகர்ந்திருக்கக்கூடும். மருத்துவமனை மீது குறையில்லை.' கூடவே படிவங்களின் நகல். இரண்டும் மெக்கானிக்கின் அக்கா வீட்டு விலாசத்துக்குப் போயின.

ஒன்றரை மாதம் கழித்து அந்த மனைவி வார்டுக்கு வந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். சிஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டு, துணி அடுக்கும் அறைக்குள் நின்று கேட்டாள்.

"சிஸ்டர், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான் நீவினதாலதான் அவர் போனாரா?"

"யாரும்மா அப்படிச் சொன்னது?"

"லெட்டர்ல இருக்கே. அவரோட அக்கா, எங்க அண்ணி படிச்சாங்க. நீங்க கொஞ்சம்தான் நீவச் சொன்னீங்க, நான்தான் அவர் வலியில துடிக்கறாரேன்னு நல்லா அழுத்திட்டேன். அண்ணி இப்ப எங்கூடப் பேசறதில்ல. அந்தக் கையால புள்ளைக்குத் தலை வாராதேங்கறாங்க. பாப்பாவைத் தன்கூடவே படுக்க வெச்சுக்கறாங்க. அவ என்கிட்ட வரவே பயப்படறா சிஸ்டர்."

அதற்குமேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் மனுஷியே இல்லை. "உன் கை காரணமில்லம்மா. நான் சரி பண்றேன். நீ போ" என்றாள்.

அன்று மதியமே மேட்ரன் அறைக்குப் போய் ஒரு தாளை நீட்டினாள். அன்றைக்குக் காலை அளக்கவில்லை, அளவைக் கற்பனையாக எழுதினேன், நீவச் சொன்னதும் நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். மேட்ரன் படித்தாள், எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள், மறுபடி படித்தாள்.

"என்ன சிஸ்டர் இது? உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன் மேடம். இதை விசாரணைக்காரங்களுக்கு அனுப்புங்க."

"அனுப்பினா என்ன ஆகும் தெரியுமா? ஒண்ணும் ஆகாது. படிவம் போட்டு ஒரு நாள் தாண்டிட்டா அதுல இருக்கறதுதான் சான்று. அப்புறம் யார் வந்து என்ன சொன்னாலும் செல்லாது. சட்டத்துல அந்தப் பிரிவே நீங்க கேட்டு வாங்கினது." மேட்ரன் குரலைத் தாழ்த்தினாள். "மத்த முப்பத்தொரு படிவம்? மத்த வார்டுங்க? எல்லாரையும் இழுத்துத் தெருவுல விடப்போறீங்களா? அந்தப் பொண்ணுக்கு ஏதாவது உதவி செய்யணும்னா செய்யுங்க. இதைக் கொண்டு போய்க் கிழிச்சுப் போடுங்க."

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்கள். இங்கே வரம் கேட்டவளும் பூசாரி வேலை பார்த்தவளும் ஒருத்தியே. யாரைப் போய் நோவது?

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். பிறகு, "ஆபீஸ்ல எடுத்துக்கலேன்னா வீட்ல போய்ச் சொல்லு. அந்தப் பொண்ணு தலையில இருந்தாவது இறங்கட்டும்" என்றார். "அடிச்சாங்கன்னா வாங்கிக்க" என்று சேர்த்துக்கொண்டார். அவள் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தாள். சொல்லப்போனால் அதைத்தான் எதிர்பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை போனாள். மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. கதவைத் திறந்தது அக்கா. பத்திரப் பதிவு அலுவலகத்தில் நகல் எழுதும் பிரிவில் இருபத்தாறு வருஷம். வீடும் எழுத்துப் பிழை இல்லாத பத்திரம் மாதிரி துடைத்து வைத்திருந்தது. ஊஞ்சல் நாற்காலியில் குழந்தை பின்னலோடு உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தது. சமையலறை வாசலில் மெக்கானிக்கின் மனைவி நின்றாள்.

"வாங்க சிஸ்டர். உக்காருங்க. என் தம்பிக்காக எவ்வளவு ஓடினீங்கன்னு எல்லாரும் சொன்னாங்க" என்றாள் அக்கா.

சிஸ்டர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். அன்றைக்குக் காலை அந்தக் கால் பக்கமே போகவில்லை என்று சொன்னாள். மேசையில் உட்கார்ந்து தானாகவே அளவு போட்டேன் என்றாள். கால் இழுக்குது, வந்து பாருங்கள் என்று இவள் கூப்பிட்டபோது எழுந்திருக்கவில்லை என்றாள். "நான் எழுந்து பார்த்திருந்தா உங்க தம்பியைக் காப்பாத்தியிருக்கலாம். நீவச் சொன்னதும் நான்தான். இவ மேல ஒரு தப்பும் இல்ல. எல்லாம் என் தப்பு. என்னை என்ன வேணா செய்யுங்க."

அக்கா உள்ளே போய், பிளாஸ்டிக் உறையில் போட்ட நகல்களை எடுத்துவந்து மேசைமேல் வைத்து, ஆறாம் நாள் தாளைத் திருப்பினாள்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா. ஆனா பொய்."

"இருபத்தாறு வருஷமா தாள்தான் சிஸ்டர் பார்க்கறேன். பொய்த் தாள் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? பொய்யா எழுதறவங்க முழு எண்ணாப் போட்டுட்டுப் போயிடுவாங்க. நீங்க வலது முப்பத்து நாலு, இடது முப்பத்து நாலரைன்னு போட்டிருக்கீங்க. நாளுக்கு நாள் மாறுது. அரை வரைக்கும் யாராவது உக்காந்து கற்பனை பண்ணுவாங்களா?"

"நான் பண்ணினேன்."

"இந்தச் சட்டமே உங்களாலதான் வந்துச்சுன்னு பேப்பர்ல போட்டிருந்தாங்க. உங்க தம்பிக்காக நாலு வருஷம் அலைஞ்சவங்க, என் தம்பி காலை அளக்காம விடுவீங்களா?" அக்காவின் குரல் அப்போதுதான் உடைந்தது. "இவ அங்க வந்து உங்ககிட்ட அழுதிருக்கா. உங்களுக்கு இளகின மனசு. பழியை நம்ம மேல போட்டுக்கிட்டா இவளாவது பிழைப்பாளேன்னு வந்திருக்கீங்க. புரியுது. ஆனா என் தம்பி செத்ததுல பொய் கலக்காதீங்க, சிஸ்டர்."

சிஸ்டர் மறுபடி சொன்னாள். மூன்றாம் முறையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் வாயிலிருந்து வந்த நிஜம் அவளுக்கே பொய் மாதிரி கேட்டது. அக்கா தாள்களை ஓரம் பிசகாமல் அடுக்கி உறைக்குள் போட்டாள்.

மெக்கானிக்கின் மனைவி படி இறங்கிக் கீழ்வாசல் வரைக்கும் கூடவே வந்தாள். இவளாவது நம்பியிருப்பாள் என்று சிஸ்டர் திரும்பி அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் கண் நிறைந்து நின்றாள்.

"ரொம்ப நன்றி சிஸ்டர். எனக்காக இவ்வளவு தூரம் வந்து பொய் சொன்னீங்களே. என் கூடப் பொறந்தவகூட இப்படிச் செஞ்சிருக்க மாட்டா."